உசாத்துணைக் கட்டுரையில் ஓர் ஊர்: கல்முனையை முன்வைத்துச் சில கேள்விகள்

அம்பாறைக் கரையில் ஊர் வரலாறுகளுக்குக் குறைவில்லை. பாடசாலை நினைவு மலர், பள்ளிவாசல் திறப்பு விழா மலர், விளையாட்டுக் கழக வெள்ளி விழா மலர் என்று எதைப் புரட்டினாலும் முதல் பத்துப் பக்கங்களுக்குள் 'எமது ஊரின் தொன்மை' என்று ஒரு கட்டுரை இருக்கும். ஊர் பற்றி ஓர் ஒப்படை கொடுத்தால் பிள்ளைகளும் இந்த மலர்களைத்தான் தேடிப் போகிறார்கள். ஒரே ஊருக்கு மூன்று மலர்களில் மூன்று கதை. எதை விடுவதென்று தெரியாமல் பிள்ளை மூன்றையும் எழுதிக்கொண்டு வந்து, "சேர், இதில எது சரி?" என்று கேட்கும். நியாயமான கேள்விதான். மலர்க் கட்டுரையை உசாத்துணைக் கட்டுரையாக எடுத்துக்கொள்வதால் வரும் சிக்கல் இது.

உசாவுதல் என்றால் கேட்டறிதல். மலரை வாசிப்பவன் ஊரவன். ஊர் மீது அவனுக்கு ஏற்கெனவே பற்று உண்டு. உசாவி வருபவனோ அந்நியன். அவன் வேறூர் மாணவனாக இருக்கலாம், ஆய்வாளனாக இருக்கலாம், இன்னும் ஐம்பது வருடத்தில் இந்த ஊரைப் பற்றிக் கேட்கப்போகும் எங்கட பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். அவனுக்கு நம்மிடமிருந்து வேண்டியது தகவலும், அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்ற விளக்கமும்தான். ஊர்ப் பெருமை அவனுக்குப் பயன்படாது.

இது நமக்குப் புதிய கலையல்ல. யாகூத் அல் ஹமவி 'முஃஜமுல் புல்தான்' என்ற இடப்பெயர் அகராதியைத் தொகுக்கத் தூண்டியது ஒரு சின்னச் சொல்லாட்டம். ஹிஜ்ரி 615 இல் மர்வ் நகரத்து அறிஞர் சபையில் 'ஹுபாஷா' என்ற பழைய அறபுச் சந்தையின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பிரச்சினை எழுந்தது. யாகூத் ஒன்று சொன்னார், இன்னொருவர் மறுத்தார். கையிலிருந்த நூல்களில் உடனே ஆதாரம் கிடைக்கவில்லை. அங்கே தொடங்கியதுதான் அந்தப் பெருநூல். நமது நாட்டிலும் கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1834 இலேயே இலங்கையின் இடங்களை அகர வரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதானகோசம்' 1902 இல் வந்தது. ஆகவே கேட்க வேண்டியது, எழுதலாமா என்பதல்ல. எதை உள்ளே எடுப்பது, எதை வெளியே விடுவது, எடுத்ததை எவ்வளவு எழுதுவது என்பதே. கல்முனையை வைத்து அதைப் பார்ப்போம்.

எந்தக் கல்முனை?

முதற் கேள்வியே இடறும். கல்முனை என்றால் எது? கடைத்தெருவும் பஸ் நிலையமும் உள்ள நகரமா? அதன் தெற்கே உள்ள கல்முனைக்குடியும் சேர்ந்ததா? 2001 இல் உருவான மாநகர சபையா? மாநகர சபை என்றால் வடக்கே பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பிலிருந்து தெற்கே சாய்ந்தமருது வரையும், உள்ளே நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு வரையும் போகும். தேர்தல் தொகுதி, கல்வி வலயம், பிரதேச செயலகம் என்பவற்றுக்கு வேறு வேறு எல்லைகள். 'கல்முனைக் கரையோர மாவட்டம்' என்ற கோரிக்கையில் வரும் கல்முனை இவை எல்லாவற்றையும் விடப் பெரியது.

பழைய பத்திரங்களை எடுத்தால் இன்னொரு பெயர் வரும்: மட்டக்களப்பு மாவட்டம், கரைவாகுப்பற்று. அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆவணங்களில் கல்முனையை மட்டக்களப்பின் கீழ்த்தான் தேட வேண்டும். இந்த ஒரு வரியை எழுதாத கட்டுரை, உசாவி வருபவனைப் பிழையான அலமாரிக்கு அனுப்பிவிடும்.

உள்ளூராட்சி எல்லை வெறும் அலுவலக விடயமல்ல. 1987 க்கு முன் இங்கே கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, கரைவாகு தெற்கு, கரைவாகு மேற்குக் கிராம சபைகள் என நான்கு சபைகள் இருந்தன. பிறகு எல்லாம் ஒன்றாகின. சாய்ந்தமருது மக்கள் தனிச் சபை கேட்டனர். 2020 பெப்ரவரியில் அவர்களுக்கு நகர சபை வழங்கி வர்த்தமானி வந்தது. சில நாட்களில் அது நிறுத்தப்பட்டது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. முஸ்லிம்கள் அதை எதிர்த்தனர். இத்தகைய காலத்தில் ஊர் வரலாறு ஒரு சாட்சிப் பத்திரமாக மாறிவிடுகிறது. "அந்தக் கட்டுரையிலேயே எங்கட எல்லை இரிக்கே" என்று மேசையில் தூக்கிப் போடுவார்கள். ஒரு கட்டுரையில் பாண்டிருப்பு என்ற பெயர் விடுபட்டால் அது மறதி என்று பாண்டிருப்பான் நம்பமாட்டான்.

எனவே கட்டுரையின் முதற் பந்தியில் எந்த எல்லையைப் பற்றி எழுதுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். தகராறு இருந்தால், யார் என்ன கேட்கிறார்கள் என்பதையும் நடந்தவற்றின் திகதிகளையும் எழுதலாம். தீர்ப்பு எழுதுவது கட்டுரையாளனின் வேலையல்ல.

சனத்தொகைக்கும் இதே கவனம் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் இலங்கைச் சோனகர் ஏறத்தாழ 43 சதவீதம், சிங்களவர் 39 சதவீதம், இலங்கைத் தமிழர் 17 சதவீதம். இவை மாவட்டத்துக்கான எண்கள். கல்முனைக்கு அப்படியே பொருந்தா. மதிப்பீடு இனத்தையும் மதத்தையும் தனித்தனியே எண்ணுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 'சோனகர்' என்பது ஒரு நிரல், 'இஸ்லாம்' என்பது இன்னொரு நிரல். மலாயர் இரண்டாவதில் வருவர், முதலாவதில் வரமாட்டார்கள். இரண்டையும் கலந்து 'முஸ்லிம்கள் இத்தனை பேர்' என்று போட்டால் கணக்கு எங்கோ இடிக்கும்.

பெயர்க் கதைகள்

ஊர்ப்பெயர் விளக்கம் இல்லாமல் ஊர்க் கட்டுரை எழுத நமக்கு மனம் வராது. சாய்ந்தமருது என்றால் சாய்ந்து நின்ற மருத மரம். கல்முனை என்றால் கல் இருந்த முனை. தமிழ் படித்தவனுக்குச் சொல்லைப் பிரிப்பது கை வந்த வேலை. ஆனால் சொல்லைப் பிரித்தது வரலாற்றை நிறுவியதாகாது. எந்தக் கல், எந்த முனை என்று ஒரு பழைய வரைபடமோ காணி உறுதியோ காட்டினால் அது தகவல். காட்ட முடியாவிட்டால் 'ஊரார் இவ்வாறு கூறுவர்' என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்த வேண்டும். அந்த வாக்கியத்துக்கும் மதிப்புண்டு. ஊரார் தம் ஊரை எப்படி நினைத்துக்கொள்கிறார்கள் என்பதும் உசாவி வருபவன் அறிய வேண்டியதுதான். நான்கு பக்கம் ஊகம் எழுதுவதுதான் கூடாது.

1626 என்ற ஆண்டு

எங்கட ஊர் மலர்களில் அடிக்கடி வரும் ஆண்டு 1626. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டி அரசன் செனரத் அவர்களை ஏற்று, 4,000 பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்பது செய்தி.

ஹதீஸ் என்று ஒன்றைச் சொன்னால் உடனே ஸனது கேட்கும் சமூகம் நாம். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இடையில் ஆள் விடுபட்டதா என்றெல்லாம் பார்க்கிறோம். ஊர் வரலாறு என்று வந்தால் மட்டும் அந்தப் பழக்கத்தைப் பள்ளிவாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். இந்தச் செய்தியின் ஸனது என்ன? பெர்னாவோ த குவேரோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் கோவாவில் இருந்து எழுதிய பெருநூல் அது. அவர் இறந்தது 1688 இல். அதாவது சம்பவம் நடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், முஸ்லிம்களை எதிரிகளாகக் கண்ட ஒரு தரப்பிலிருந்து எழுதப்பட்டது. 1930 இல் எஸ்.ஜி. பெரேரா பாதிரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த பிறகே அது பரவலாகப் படிக்கப்பட்டது.

இதனால் செய்தி பொய் என்றாகாது. செனரத் 1604 முதல் 1635 வரை ஆண்டவன். போர்த்துக்கேயரோடு பகை கொண்டவன். அப்படிச் செய்திருக்கக் காரணம் உண்டு. ஆனால் 4,000 என்ற எண்ணைத் தலை எண்ணிய கணக்காக எடுக்க முடியாது. குறிப்பில் வருவது மட்டக்களப்பு. அன்று அப்பெயர் ஒரு பெரிய நிலப்பரப்பைக் குறித்தது. 'கல்முனை 1626 இல் தோன்றியது' என்று எழுதினால் அது குவேரோஸ் சொல்லாதது, நாம் சேர்த்தது.

இதற்கு மாறான மரபும் உண்டு. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்றனர், பின்னர் மணவுறவு கொண்டு இங்கேயே குடியமர்ந்தனர் என்ற வழக்காறு மட்டக்களப்பில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் இருக்கிறது. எஸ்.ஓ. கனகரத்தினத்தின் 1921 ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்ட நூல், எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', வி.சீ. கந்தையாவின் 1964 ஆம் ஆண்டு 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகியவை இத்தகைய மரபுகளைத் தேடுவோர் கையில் எடுக்க வேண்டிய நூல்கள். ஒன்று அந்நியர் எழுத்து, மற்றது உள்ளூர் வாய்மரபு. இரண்டையும் தர வேண்டும். இரண்டையும் பிசைந்து ஒரே கதையாக்கக் கூடாது. 'எங்கட மூத்தவாப்பா சொன்னவர்' என்பதையும் சேர்க்கலாம். எந்த மூத்தவாப்பா, எந்த வருடம், யாரிடம் சொன்னார் என்று கூடவே எழுதினால் அதுவும் ஆதாரந்தான்.

குடியும் கொடியும்

அந்நியன் ஒருவன் எங்கட கரைக்கு வந்தால் முதலில் வியப்பது குடி முறையைப் பார்த்துத்தான். தாய்வழியில் குடி வருகிறது, வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறான், பள்ளிவாசல் மரைக்கார் குடிப்படி தெரிவாகிறார். தமிழரிடமும் இதே முறை இருப்பது இன்னும் வியப்பு. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்து 2008 இல் பெரிய நூலே வெளியிட்டார். நமது மலர்களிலோ பெரும்பாலும் இது ஒரு பந்தியைத் தாண்டாது. வீட்டில் தினமும் நடப்பது வரலாறாகத் தெரிவதில்லை. வட்டை, போடியார், கரைவலை, பெண்கள் இழைத்த பன்பாய், மருதமுனை நெசவு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். உசாத்துணைக் கட்டுரையில் மன்னர்களைவிட இவற்றுக்கு அதிக இடம் வேண்டும். பட்டிப்பளை ஆறு கல்லோயா என்ற பெயரோடு 1949 க்குப் பிறகு மறிக்கப்பட்டு, நீரும் குடியேற்றமும் மாறியதை எழுதாமல் இக்கரையின் வயலையும் அரசியலையும் விளக்க முடியாது.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் பெயரில் ஜமாதுல் ஆகிர் பிறையில் நடக்கும் கொடியேற்றம் இன்னொரு சோதனை. சிலர் அதைக் கண்ணியமாகப் போற்றுவர், சிலர் பித்அத் என்று ஒதுங்குவர். ஆனால் ஒரு கட்டுரை பத்வா கொடுக்கும் இடமல்ல. அடக்கத்தலம் நாகூரில், இங்கே இருப்பது நினைவிடம், கடல் கடந்த தொடர்பு ஒன்று இதனால் விளங்குகிறது, இன்று இது பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவ்வளவையும் எழுதினால் இரு சாராருக்கும் நியாயம் செய்ததாகும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பும் அதே பக்கத்தில் வர வேண்டும்.

யாரைச் சேர்ப்பது?

ஊர்க் கட்டுரையை மூழ்கடிப்பது பெயர்ப் பட்டியல். முதல் பட்டதாரி, முதல் வைத்தியர், முதல் எஸ்.எல்.ஏ.எஸ். என்று தொடங்கினால் முடிவில்லை. விடுபட்டவரின் மருமகன் அடுத்த நாள் வீட்டு வாசலில் நிற்பான். பட்டியலுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். இவர் இல்லாவிட்டால் ஊரின் கதை மாறியிருக்குமா? அல்லது இந்த ஊர் இல்லாவிட்டால் இவரின் ஆக்கம் விளங்காதா? இரண்டில் ஒன்றுக்காவது 'ஓம்' என்றால் எடுக்கலாம்.

எம்.எச்.எம். அஷ்ரஃப் 1948 இல் பிறந்தது சம்மாந்துறையில், வளர்ந்தது கல்முனையில். இரு ஊரும் அவரைச் சொந்தம் கொண்டாடலாம். ஆனால் 'கல்முனையில் பிறந்த' என்று எழுதக் கூடாது. சுவாமி விபுலாநந்தர் காரைதீவின் பிள்ளை. கல்முனைக் கட்டுரை அவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை, காரைதீவுக் கட்டுரைக்கு வழிகாட்டினால் போதும். இலக்கியப் பந்தியில் எம்.ஏ. நுஃமானும் மருதமுனைப் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீனும் வருவார்கள். பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் (1931–1975) வராவிட்டால் அந்தப் பந்தி நொண்டும். கல்முனையைச் சுற்றி ஒரு எழுத்தாளர் கூட்டம் உருவானதில் அவருக்கிருந்த பங்கு அப்படி. முஸ்லிம் பட்டியல், தமிழ்ப் பட்டியல் என்று இரண்டாகப் பிரித்தால் அந்தக் கூட்டத்தையே காணாமற் போக்கிவிடுவோம்.

நோகும் பக்கங்கள்

கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பர் 1947 இல் கல்முனையின் பாராளுமன்ற உறுப்பினரானார். 1956 இல் தமிழரசுக் கட்சியில் நின்று வென்றார். கல்முனை முஸ்லிம்களும் தமிழரும் அன்று எந்த இடத்தில் நின்றார்கள் என்பதை இந்த ஒரு தகவல் காட்டும். பிறகு, இலஞ்ச விசாரணை ஆணைக்குழுவின் முடிவை வைத்து 1965 இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அவர் ஆசனத்தை இழந்தார். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போய் அவருக்குப் பாதகமாக முடிந்தது. பாராளுமன்றம் நீதிமன்ற அதிகாரத்தைக் கையிலெடுக்கலாமா என்ற கேள்விக்காக அரசியலமைப்புச் சட்டம் படிப்போர் இன்றும் அந்த வழக்கை வாசிக்கிறார்கள். நாம் மறைத்தாலும் உலகம் அறிந்ததை மறைத்தோம் என்ற பெயர்தான் மிஞ்சும். ஊர்க் கட்டுரையில் அதற்கு இரண்டு வாக்கியம் போதும். விரிவு அவரைப் பற்றிய தனிக் கட்டுரைக்குரியது.

இதைவிட நோகும் பக்கங்கள் உண்டு. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் கைப்பற்றி, சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைக் கொன்றனர். இராணுவம் கல்முனைக்குத் திரும்பியபோது தமிழ்ச் சனங்கள் கொல்லப்பட்டனர், பலர் காணாமற் போயினர். ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டனர். 12 ஆம் திகதி ஏறாவூர். நமது மலர்களில் ஆகஸ்ட் இருக்கும், ஜூன் இராது. அவர்களின் மலர்களில் ஜூன் இருக்கும், ஆகஸ்ட் இராது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வாசிக்காத பிள்ளை, தன் வீட்டில் மட்டுந்தான் ஜனாஸா விழுந்தது என்று நம்பி வளரும். அந்த நம்பிக்கையோடுதான் அடுத்த எல்லைத் தகராறுக்கும் அது போகும். உசாத்துணைக் கட்டுரை சமாதானம் பேசத் தேவையில்லை. திகதியையும் இடத்தையும் யார் யாரைக் கொன்றார் என்பதையும் ஒரே அளவான சொற்களில் எழுதட்டும். நம்மவர் என்றால் 'ஷஹீதானார்கள்', மற்றவர் என்றால் 'உயிரிழந்தனர்' என்று எழுதினால் சொல்லே பக்கம் சாய்ந்துவிடும்.

எவ்வளவு எழுதுவது?

எதைச் சேர்ப்பது என்பதற்கு நிகரான கேள்வி, எவ்வளவு எழுதுவது என்பது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலோடு தொடர்புடையோர் படையினரோடு மோதி, குண்டுகளை வெடிக்கவைத்தனர். 15 சடலங்கள் மீட்கப்பட்டன; ஆறு பேர் சிறுவர்கள். உலகத்தின் பெரும்பகுதி சாய்ந்தமருது என்ற பெயரைக் கேட்டது அன்றுதான். அதனால் ஊர்க் கட்டுரையின் பாதியை அது பிடித்துக்கொள்ளலாமா? கூடாது. விடலாமா? அதுவும் கூடாது. என்ன நடந்தது என்பதையும், அயலவர்கள் சந்தேகங்கொண்டு அறிவித்ததால்தான் அந்த வீடு தெரியவந்தது என்பதையும் ஒரு பந்தியில் எழுதலாம். பிந்திய வாக்கியத்தை நாம் எழுதாவிட்டால் யாரும் எழுதப்போவதில்லை.

ஆழிப்பேரலைக்கோ பந்தி போதாது, தனிப் பகுதி வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேல், நாட்டின் மொத்த இழப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரக் குடியிருப்புகளின் அமைப்பே அதன் பின் மாறியது. ஆட்களோடு காணி உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் பழைய படங்களும் கையெழுத்துக் கொப்பிகளும் போயின. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்களும் குறைந்து வருகிறார்கள். எழுத வேண்டியதை இப்போது எழுதாவிட்டால் பிறகு கேட்டு எழுத ஆளிராது.

ஒரு தொடக்கம்

இவ்வளவையும் மனத்தில் வைத்து எழுதினால் கட்டுரை எப்படித் தொடங்கும்? ஏறத்தாழ இப்படி:

'கல்முனை: இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், மட்டக்களப்புக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள கடற்கரை நகரம். 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் கரைவாகுப்பற்றிலும், அதன்பின் அம்பாறை மாவட்டத்திலும் அடங்கியது. 2001 முதல் மாநகர சபை. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த குடியிருப்புகளில் வாழ்கின்றனர். இக்கட்டுரை மாநகர சபை எல்லையைக் கொண்டு எழுதப்பட்டது. அவ்வெல்லை பற்றிய கோரிக்கைகள் தனிப் பகுதியில் தரப்பட்டுள்ளன.'

இதில் 'புகழ்பூத்த' இல்லை, 'தொன்மை வாய்ந்த' இல்லை, 'வந்தாரை வாழவைக்கும்' இல்லை. அவற்றுக்கு மலர் இருக்கிறது. பக்கத்து ஊரவன் ஒருவனிடம் இந்தப் பந்தியை வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். எங்காவது பிழை என்று அவன் சொன்னால் ஆதாரத்தைக் கேட்டுத் திருத்துங்கள். அவனும் நீங்களும் ஒரே பந்தியில் கையொப்பமிட முடிந்தால், மீதியையும் அதே கையால் எழுதத் தொடங்கலாம்.